வன்னியும் வேலிகாத்தானும்

விருத்தாசலம் என்றதும் இக்காலத்தவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் அண்மையிலேயே கிடைத்தமையால், இவ்வூரில் பீங்கான் தொழிற்பேட்டை ஒன்று வளர்ந்தது. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசினர் கல்விக்கூடமும் அமைந்தது. மின்சாரத்தைத் தடுத்துக் காக்கும் ஃபியூஸ் கட்டைகள், அகல் விளக்குகள், நவராத்திரிக் கொலுவில் அடுக்கும் பொம்மைகள் என்று பலவகைப் பொருள்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன. பீங்கான் என்பது மண்ணும் நெருப்பும் சேர்ந்து செய்யும் வேலை. மண்ணைப் பற்றிப் பேச வல்லவர்கள் இவ்வூரில் பலர் இருக்கிறார்கள். நான் பேசப்போவது நெருப்பைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு மரத்தைப் பற்றியும், நெருப்புக்கென்றே கடல் கடந்து வந்த மற்றொரு மரத்தைப் பற்றியும் ஆகும். முன்னது வன்னி. பின்னது சீமைக்கருவேலம், நம் மக்கள் வேலிகாத்தான் என்றும் அதை அழைப்பார்கள்.

விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றின் கரையில் எழுந்திருக்கும் பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் இக்கோயிலைத் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்கு மாலைதோறும் இவ்வன்னியின் இலைகளை அள்ளிக் கூலியாகக் கொடுத்தார் என்றும், அவரவர் உழைத்த அளவுக்கு ஏற்ப அவ்விலைகள் பொன்னாக மாறின என்றும் தலவரலாறு கூறுகிறது. சுந்தரர் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையும் இவ்வூருக்கு உரியதே. பொன்னுக்கும் இவ்வூருக்கும் ஏதோ ஒரு பழைய உறவு இருந்திருக்க வேண்டும்! ஆனால் இலை பொன்னாகும் கதை விருத்தாசலத்தோடு நிற்பதன்று. தெலுங்கானத்தில் விசயதசமியன்று வன்னி இலையைப் பொன் என்றே சொல்லி ஒருவர் கையில் ஒருவர் கொடுத்து வாழ்த்துவார்கள். பாண்டவர்கள் விராடன் நகரில் மறைந்து வாழ்ந்தபோது தங்கள் படைக்கலங்களை ஒளித்து வைத்தது வன்னி மரத்தில்தான் என்பது பாரதம் அறிந்தவர் அனைவரும் அறிந்தது. நம் நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் அந்நாளில் அம்பு எய்யும் திருவிழா இன்றும் நடக்கிறது.

ஒரு மரத்தின் இலையைப் பொன் என்று மக்கள் ஏன் சொல்ல வேண்டும்? மழை பொய்த்த கோடையில், புல்லெல்லாம் கருகிப்போன வேளையில், ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் பசுந்தழை கொடுத்துக் காக்கும் மரம் வன்னி. கால்நடையே செல்வமாக இருந்த காலத்தில் அத்தழை பொன்னுக்குச் சமம். இது என் கருத்து. புராணம் வல்லவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

இனி மரத்தைப் பார்ப்போம். வன்னியும் வேலிகாத்தானும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்திலும் தொட்டாற்சுருங்கி, கருவேல் முதலியவை அடங்கிய கிளையில் இடம் பெறுபவை. வன்னிக்குத் தாவர நூலார் இட்ட பெயர் புரோசோப்பிஸ் சினரேரியா. சினரேரியா என்றால் சாம்பல் நிறத்தது என்று பொருள். இலைகளின் மங்கிய நிறத்தைக் கண்டு வைத்த பெயர். நெருப்பின் பெயரைத் தமிழர் வைத்தார்கள். சாம்பலின் பெயரை ஐரோப்பியர் வைத்தார்கள். இருவரும் கலந்து பேசியதில்லை! வேலிகாத்தானுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் புரோசோப்பிஸ் ஜூலிஃப்ளோரா. பூக்கள் நெருக்கமாகக் கூடி வால்போலத் தொங்குவதை அப்பெயர் குறிக்கிறது. சுவார்ட்சு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர், ஜமைக்காத் தீவில் கண்ட மரத்தைக்கொண்டு 1788-ஆம் ஆண்டில் இதனை முதன்முதல் நூலில் விளக்கினார்.

ஒரே பேரினத்துப் பெயரைத் தாங்கியமையால் இரண்டையும் உடன்பிறந்தவை என்று இருநூறு ஆண்டுகளாகக் கருதிவந்தோம். அண்மையில் இக்கருத்து மாறிவிட்டது. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த தாவரவியலார், 2022-ஆம் ஆண்டில் இப்பேரினத்தை நான்காகப் பிரித்தார்கள். பழைய பெயர் ஆசியாவைச் சார்ந்த மூன்று இனங்களுக்கு மட்டும் நின்றது. வன்னி அவற்றுள் ஒன்று. அமெரிக்க இனங்களுள் பெரும்பகுதி நெல்டுமா என்னும் பேரினத்துக்குச் சென்றது. ஆகவே வேலிகாத்தானின் இன்றைய பெயர் நெல்டுமா ஜூலிஃப்ளோரா. நூலகத்தில் உள்ள பழைய நூல்களில் மாணவர்கள் முன்னைய பெயரையே காண்பார்கள். அதனால் குழப்பமடைய வேண்டுவதில்லை.

இரு மரங்களையும் வேறுபடுத்தி அறிவது அரிதன்று. கையில் சிறிது கீறல் படுவதற்கு அஞ்சாதவர்கள் முள்ளைப் பார்த்தே சொல்லிவிடலாம். வேலிகாத்தானின் முட்கள் இலை தோன்றும் கணுக்களில், பெரும்பாலும் இரண்டிரண்டாக, ஊசிபோல் நீண்டு நிற்கும். வன்னியின் முட்கள் குட்டையானவை. அடி பருத்து நுனி கூர்ந்தவை. கணுவை விட்டு, கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டில் ஒழுங்கின்றிச் சிதறி இருப்பவை. இலை இரண்டிலும் இருமுறை பிரிந்த கூட்டிலையே. வன்னியின் சிற்றிலைகள் சிறுத்து, சற்று வெளிறித் தோன்றும். வேலிகாத்தானின் சிற்றிலைகள் எண்ணிக்கையில் மிகுந்து, பச்சென்று இருக்கும். பூ இரண்டுக்கும் வெளிர்மஞ்சள். ஒரு விரல் நீளக் கதிராக அமைந்து தேனீக்களை அழைப்பது. காய்தான் உறுதியான அடையாளம். வன்னிக் காய் மெலிந்து நீண்டு, ஏறத்தாழ உருண்டு, முற்றியதும் காய்ந்த பயற்றங்காய்போல் தொங்கும். வேலிகாத்தானின் நெற்று சற்றுத் தட்டையாக, வளைந்து, மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றும் இனிப்பும் உடையதாக இருக்கும்.

வன்னியில் மற்றொரு விந்தையையும் காணலாம். கிளைகளில் சிறு கொத்துக்களாக உருண்டைகள் தொங்கும். அவற்றைப் பழம் என்று எண்ணுபவர் பலர். அவை பழங்கள் அல்ல; கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேன் பூவுக்குள் புகுந்து குடியிருப்பதால், பூக்கள் வீங்கி இறுகிய கரணைகள். கோயில் வன்னியின் அடியில் நிற்கும்போது தலையை உயர்த்திப் பாருங்கள்.

பார்வைக்கு இவ்வளவு நெருங்கிய இரு மரங்களின் நடை முற்றிலும் வேறு. வன்னி பொறுமையின் வடிவம். விதை முளைத்ததும் மேலே வளர்வதில் அதற்கு நாட்டமில்லை. முதலில் ஆணிவேரைக் கீழே செலுத்தும். முதிர்ந்த மரங்களின் வேர் 30 மீட்டருக்கும் கீழே சென்றிருப்பதாகக் கூறுவர். அதனால் மேற்பரப்பிலுள்ள ஈரத்துக்காகப் பயிரோடு அது மிகுதியாகப் போட்டியிடுவதில்லை. இராசத்தானத்து உழவர்கள் கம்பு விதைத்த வயல்களில் இம்மரத்தை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். மரத்தடியில் விளையும் கம்பு வெளியில் விளைவதிலும் செழிப்பாக இருப்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். உதிரும் இலைகள் மண்ணுக்கு உரமாகின்றன. வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. பிஞ்சுக் காய்களை அம்மக்கள் சாங்கிரி என்ற பெயரில் காயவைத்துக் கறி சமைக்கிறார்கள். இராசத்தானம் 1983-ஆம் ஆண்டில் வன்னியைத் தன் மாநில மரமாக அறிவித்தது. தெலுங்கானத்தின் மாநில மரமும் வன்னியே. பாரசீக வளைகுடாவில் உள்ள ஐக்கிய அரபு நாடு 2008-இல் இதனைத் தன் தேசிய மரமாக ஏற்றது.

இம்மரத்துக்காக உயிர் கொடுத்தவர்களும் உண்டு. 1730-ஆம் ஆண்டில் சோத்பூர் மன்னர் அபய்சிங்கின் அரண்மனை வேலைக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு விறகு வேண்டியிருந்தது. விறகு தேடிச் சென்ற அரசனின் ஆட்கள் கேசர்லி என்னும் சிற்றூரை அடைந்தார்கள். அங்கு வாழ்ந்த பிசுனோயி மக்கள் வன்னியை வெட்டலாகாது என்ற நெறியுடையவர்கள். அமிர்தாதேவி என்னும் பெண்மணி ஒரு மரத்தைத் தழுவி நின்றார். கோடரி அவர் மேல் விழுந்தது. அவர் புதல்வியர் மூவரும் அவ்வாறே மாண்டனர். செய்தி பரவிச் சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து மக்கள் வந்து ஒருவர் பின் ஒருவராக மரங்களைத் தழுவினார்கள். முந்நூற்று அறுபத்து மூன்று பேர் உயிர் நீத்த பிறகே வெட்டு நின்றது. ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஆம் நாளை வனத் தியாகிகள் நாளாக நம் நாடு இன்று நினைவுகூர்கிறது. காளவாய்கள் நிறைந்த ஊரில் வாழும் நமக்கு, ஒரு காளவாயின் பசி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

விறகின் தேவையே வேலிகாத்தானையும் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் காடுகள் குறைந்து, எரிபொருள் அருகியிருந்தது. வடபகுதிக் காடுகளின் காவலராக இருந்த கர்னல் பெட்டோம் என்பவர், வறண்ட நிலத்தில் விரைந்து வளரும் இம்மரத்தின் விதையை வரவழைக்க வேண்டும் என்று 1876-இல் அரசுக்கு எழுதினார். மறு ஆண்டில் ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய ஆண்டுகள் அவை. இம்மரம் காமராசர் ஆட்சிக் காலத்தில்தான் வந்தது என்று மேடைகளில் சொல்வார்கள், அது பிழை. பிற்காலத்தில் வறண்ட மாவட்டங்களில் இது பெருகப் பரவியது உண்மை. ஆனால் இந்நாட்டு மண்ணில் இதன் விதை விழுந்தபோது காமராசர் பிறக்கவேயில்லை.

வந்த மரத்துக்குக் கிடைத்த வரவேற்பும் சிறிதன்று. சோத்பூர் அரசு 1940-இல் இதனை அரச மரியாதைக்கு உரிய மரமாக அறிவித்து, குடிமக்கள் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வன்னிக்காக 363 பேர் மாண்ட அதே சோத்பூர்! கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளியில், உவர்நிலம் பரவுவதைத் தடுக்க 1960-களில் இதனை நட்டார்கள். இன்று அப்புல்வெளியின் பெரும்பகுதியை மூடி நிற்பது இம்மரமே. எருமை மேய்க்கும் மால்தாரி மக்கள் புல்லைத் தேடி அலைகிறார்கள்.

அது பரவும் வழி மிக எளிது. எளிதாக இருப்பதால்தான் அஞ்சத்தக்கது. இனிப்பான நெற்றை ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். விதையைச் சுற்றியுள்ள கெட்டியான உறை குடலில் செரிப்பதில்லை, சற்று இளகும். பிறகு அவ்விதை எருவோடு சேர்ந்து, ஈரமுள்ள ஓர் ஏரிக்கரையிலோ தரிசிலோ விழும். முளைப்பதற்கு வேண்டிய அனைத்தையும் கால்நடையே செய்து கொடுத்துவிடுகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் கிளம்பும். ஒன்றாக இருந்தது புதராகும். அப்புதரின் அடியில் வேறு செடி முளைப்பது அரிது. நிழல் ஒரு காரணம்; இலைகளில் உள்ள சில இரசாயனப் பொருள்கள் பிற விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன என்பதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கோடிக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்கள் மேயும் புல்வெளியை இது சுருக்கி வருகிறது. இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியில் புந்தலத் தேசியப் பூங்காவுக்கும் இதே தொல்லை.

கென்யா நாட்டில் நடந்த ஒரு வழக்கு மாணவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பரிங்கோ ஏரிப்பக்கத்து மேய்ப்பர்கள், அரசு கொண்டுவந்த இம்மரத்தால் தங்கள் மேய்ச்சல் நிலம் போயிற்று என்று 2006-ஆம் ஆண்டை ஒட்டி வழக்குத் தொடுத்தபோது, ஓர் ஆட்டை நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தார்கள். சர்க்கரை மிகுந்த நெற்றுகளைத் தின்று தின்று அந்த ஆட்டின் பற்கள் போய்விட்டிருந்தன. வாய் பேசாத சாட்சி. வாயைத் திறந்து காட்டினாலே போதுமான சாட்சி!

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரு மரத்தின்மேல் வெறுப்பு வந்துவிட்டால் இல்லாத குற்றங்களையும் அதன் தலையில் ஏற்றிவிடுவது மனித இயல்பு. வேலிகாத்தான் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், அதனால் மழையே வருவதில்லை என்று துண்டறிக்கைகள் கூறின. அது உயிர்வளியை வெளிவிடுவதில்லை என்றும், அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றும் பேசிக்கொண்டார்கள். இவற்றுக்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. பச்சை இலையுள்ள எந்த மரமும் பகலில் உயிர்வளியை வெளிவிடத்தான் செய்யும். வேலிகாத்தான் நீரைப் பெறுவது வேரால்; ஆழத்து நீரையும் எட்டிப் பெறவல்லது என்பதே அதன் மேல் சுமத்தத்தக்க குற்றம். உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சீமைக்கருவேலம் இருப்பதாகப் பலரும் எழுதுகிறார்கள். அப்பட்டியலில் உள்ளது அதன் நெருங்கிய உறவாகிய வேறொரு மெஸ்கீட் இனம். உண்மையான குற்றங்களே போதிய அளவுக்கு இருக்கும்போது பொய்க்குற்றம் எதற்கு?

குற்றத்தோடு உதவியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பீங்கான் சுடுவதற்கு 1,200 பாகைக்கு மேற்பட்ட சீரான வெப்பம் வேண்டும். அதற்கு இன்று எண்ணெயும் எரிவாயுவும் மின்சாரமும் உள்ளன. ஆனால் செங்கற் சூளைக்கும், குயவர் சூளைக்கும், தேநீர்க் கடை அடுப்புக்கும், ஏழைக் குடிசையின் உலைக்கும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் எரிந்தது வேலிகாத்தான் விறகு. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் மழை பொய்த்துப் பயிர் கருகிய ஆண்டுகளில், இம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. இந்த அன்னிய மரம் இல்லாதிருந்தால் அந்த அடுப்புகள் எதைத் தின்றிருக்கும்? எஞ்சியிருந்த வேலும், வன்னியும், காட்டுப் புதர்களும் அடுப்புக்குள் சென்றிருக்கும். இம்மரத்தை வேரோடு அழிக்க வேண்டும் என்று பேசுபவர்களில் பலர் எரிவாயு அடுப்பில் சமைப்பவர்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அழிப்பது பற்றி நீதிமன்றமும் பேசியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் தமிழக மாவட்டங்களில் இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. அறிவியல் முறையில் ஆராயாமல் அகற்றலாமா என்ற வினாவும் உடனே எழுந்தது. பணி சிறிது காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அன்னிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி அவ்விடங்களின் இயற்கைச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையையே வெளியிட்டது. அகற்றுவது, மீட்பது என்று இரண்டு சொற்கள் அதில் சேர்ந்து நிற்கின்றன. இரண்டாவது சொல்லே கடினமானது. மரத்தைப் பிடுங்கிய இடத்தில் வேறொன்றை நட்டுக் காக்காவிட்டால், மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த மழைக்கே கண்விழித்துவிடும்.

காப்புநிலை என்று சொல்கிறோமே, அது எவ்வாறு கணக்கிடப்படுகிறது? இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1948-இல் தோன்றியது. அது 1964 முதல் செம்பட்டியல் ஒன்றைப் பேணி வருகிறது. ஓர் இனம் எத்தனை உள்ளது, எவ்வளவு விரைவில் குறைகிறது, எவ்வளவு பரப்பில் வாழ்கிறது என்பவற்றை ஆராய்ந்து, கவலை குறைந்தது என்பது முதல் முற்றும் அழிந்தது என்பது வரையில் படிகளாக வகுக்கிறார்கள். நம் சந்தன மரம் அப்பட்டியலில் ஊறுபடக்கூடியது என்ற படியில் இருக்கிறது. வன்னியும் வேலிகாத்தானும் உலக அளவில் அழிவை நோக்கி நிற்கும் மரங்கள் அல்ல. வன்னி அரபு நாடு முதல் தென்னிந்தியா வரையில் பரந்து கிடக்கிறது. வேலிகாத்தானைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

அப்படியானால் வன்னிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். உலகக் கணக்கு வேறு. ஊர்க் கணக்கு வேறு. இராசத்தானத்திலேயே முதிர்ந்த வன்னி மரங்கள் பல பட்டுப்போவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். தழைக்காக ஆண்டுதோறும் அளவு மீறி ஒடிப்பது, டிராக்டரின் கொழு வேர்களை அறுப்பது, நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போவது, வேரைத் துளைக்கும் வண்டு, வேரை அழுகச் செய்யும் காளான் என்று காரணங்கள் பல. சூரிய மின்நிலையங்களுக்காக மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்தும் அங்கே மக்கள் கிளர்ந்தெழுந்திருக்கிறார்கள். ஞாயிற்றின் ஒளியைப் பிடிக்க வந்தவர்கள், அவ்வொளியை உண்டு வாழும் மரத்தை வெட்டுவது ஒரு விசித்திரமே.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு விதம். வறண்ட நிலங்களில் ஆங்காங்கே வன்னி உண்டு. ஆனால் நம் மாணவர்களுள் பெரும்பாலோர் அதைக் காண்பது கோயில் சுற்றில் தனியாக நிற்கும் ஒரு மரமாகத்தான். மஞ்சள் பூசி, நூல் சுற்றி, சுற்றிலும் மேடை கட்டி வணங்குகிறோம். மரத்துக்கு அந்த வணக்கம் பெரும் காவல். அக்காவல் இல்லையேல் அதுவும் எப்போதோ விறகாகியிருக்கும். எனினும் அதில் ஒரு குறையும் உண்டு. வன்னியின் பூவில் பெண்பகுதி முதலிலும் ஆண்பகுதி பின்னரும் முதிர்கின்றன. வேறு மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். பக்கத்தில் வேறு வன்னி இல்லாத மரம் பூக்கும். நல்ல விதை அருகிப்போகும். தப்பித் தவறி விதை விழுந்தாலும், கல் பாவிய பிராகாரத்தில் அது எங்கே முளைக்கும்? தனிமரம் தோப்பாகாது என்பது இங்கே பழமொழியாக மட்டும் நிற்கவில்லை, தாவரவியலாகவும் நிற்கிறது. செம்பட்டியலில் இடம்பெறாமலே ஒரு மரம் ஓர் ஊரைவிட்டு மறைந்துவிட முடியும். வழிபடுவதற்கு ஒன்று இருக்கிறதே என்ற நிறைவில், வழித்தோன்றல் இல்லை என்பதை நாம் கவனிப்பதில்லை.

விருத்தாசலத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் உள்ள மாணவர்கள் ஒரு கணக்கெடுப்பைச் செய்து பார்க்கலாம். எந்தெந்தக் கோயிலில், எந்தெந்த வயல் வரப்பில் வன்னி நிற்கிறது, அடுத்த வன்னி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதன் அடியில் கன்று உண்டா என்று ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப்படம் ஒன்றில் புள்ளி வைத்துக் காட்டலாம். முள்ளையும் காயையும் பார்த்து இனத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். வேலிகாத்தானை வன்னி என்று எழுதிவிட்டால் கணக்கு மிக இனிமையாக வந்துவிடும்!

கன்று வளர்க்க விரும்புவோர் கோடையில் முற்றிய காய்களை மரத்திலிருந்தே பறிக்க வேண்டும். கீழே விழுந்தவற்றை வண்டு துளைத்திருக்கும். விதையின் உறை கெட்டியானது. கொதித்து இறக்கிய நீரில் இட்டு, ஆறவிட்டு, ஓர் இரவும் பகலும் ஊறவைத்தால் இளகும். வெவ்வேறு மரங்களின் விதைகளைக் கலந்து எடுப்பது நல்லது. ஆணிவேர் விரைவாக இறங்குவதால் ஆழமான பை வேண்டும். ஆழமில்லாத தொட்டியில் வேர் சுருண்டு கன்று கெட்டுப்போகும். மழை தொடங்கும்போது நடலாம். முதல் சில ஆண்டுகள் கன்று வளர்வதாகவே தோன்றாது. வேலை முழுவதும் மண்ணுக்கு உள்ளே நடந்துகொண்டிருக்கும். அந்நாட்களில் ஆட்டின் வாய்க்கு எட்டாமல் அதைக் காக்க வேலி தேவை. ஏரிக்கரையில் வெட்டிய வேலிகாத்தான் கிளைகளைச் சுற்றிலும் நட்டால், அதைவிட உறுதியான முள்வேலி வேறில்லை. நடும் முன் அக்கிளைகளில் நெற்று ஒன்றுகூட இல்லாதபடி உதிர்த்து எரித்துவிட வேண்டும்.